பிள்ளைகள் இருக்கிறார்கள் என்னும் பதில்

கணவனை இழந்த மனைவிக்கும் மனைவியை இழந்த கணவனுக்கும் சொல்வதற்கு ஊரார் ஒரே பதிலைத்தான் தயாராக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளாக நாளாகத் துக்கம் தானே ஆறிவிடும், அதற்குமேல் ஆறுதலென்றும் துணையென்றும் வெளியே தேடிக்கொண்டு போவது போனவருக்குச் செய்யும் துரோகம் என்பதே அந்தப் பதில். அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிற எங்கள் கள்ளிக்குப்பத்தில், யார் வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் உட்கார்ந்தாலும், பந்தலைப் பிரிப்பதற்குள் இதைப் பல வாய்களிலிருந்து கேட்டுவிடலாம். "பசங்க தங்கமாட்டம் இருக்காங்க, அப்புறம் உனக்கு என்னம்மா குறை?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். "மனசைத் தேத்திக்கோங்க சார், பேரனைப் பாத்துக்கிட்டே காலம் ஓடிடும்" என்று தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். சொல்கிறவர்கள் நல்லவர்கள் என்பதையும், அவர்கள் உள்ளம் அநுதாபத்தால் நெகிழ்ந்திருக்கிறது என்பதையும் நான் அறிவேன். ஆயினும் அந்த அபிப்பிராயம் தவறானது. துக்கத்தில் இருப்பவர்களை வருஷக்கணக்காகத் தனிமையில் அடைத்துவைப்பது அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகளின் அன்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. பெற்றவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே பல பேர். ஆனால் தாயை இழந்த மகனும் மனைவியை இழந்த தகப்பனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே படத்துக்கு மாலை சாத்தினாலும், அவர்கள் அநுபவிக்கும் துக்கம் ஒன்றல்ல. மகனுக்கு மனைவி இருக்கிறாள், வேலை இருக்கிறது, வளர்க்க வேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள். தகப்பனுக்கோ, அன்றாடம் நடந்ததை அன்றன்று இரவே கேட்டுக்கொண்டிருந்த ஆள் போய்விட்டாள். அப்பா அழுதால் பிள்ளை தாங்கமாட்டான் என்று அப்பா பிள்ளையின் எதிரே அழுவதில்லை. அம்மாவின் பேச்சை எடுத்தால் அப்பா உடைந்துபோவார் என்று பிள்ளை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இப்படி ஒருவர்மேல் ஒருவர் வைத்த பரிவினாலேயே இறந்தவளின் பெயர் அந்த வீட்டில் சொல்லப்படாமல் போய்விடுகிறது. அவள் வைத்த வத்தக்குழம்பையும், அவளோடு போட்ட சண்டையையும், ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கேட்டதையும் வாய்விட்டுச் சொல்லி அழுவதற்கு ஓர் இடம் வேண்டுமென்று ஏங்குகிறவருக்கு, பிள்ளையின் வீடு அந்த இடமாக அமைவதில்லை. பிள்ளைகள் இதைத் தங்கள்மேல் சுமத்திய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சங்கடம் ஏன் இத்தனை கடுமையாக இருக்கிறது என்பதற்கு ஊரின் வரலாறே காரணம். ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பிரதேசத்துக்கு, 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் ஆலையையும், 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையையும் நம்பி, வெளி மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். வாடகை வீட்டில் குடியிருந்து, சீட்டுப் பிடித்து, வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து, கள்ளிக்குப்பத்திலும் ஒரகடத்திலும் கால் மனை அரை மனை வாங்கி, முதலில் ஓட்டு வீடும் பிறகு மொட்டை மாடியுமாகக் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி, அத்தை, மாமன் எல்லாரும் ஊரிலேயே தங்கிவிட, இங்கே புருஷனுக்குப் பெண்டாட்டியும் பெண்டாட்டிக்குப் புருஷனுமே உறவினர், சிநேகிதர், ஆலோசகர், வைத்தியர் எல்லாமாக ஆனார்கள். இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வரும் கணவனுக்குக் காபி போட எழுந்தவளும், தண்ணீர் லாரி வரும் நாளில் அவளுக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றவனும், முப்பது நாற்பது வருஷம் இப்படி வாழ்ந்தபின் ஒருவர் போய்விட்டால், மற்றவருக்குப் போவது ஒரே ஓர் உறவு அன்று. கிராமத்தில் பத்துப் பேராகப் பிரிந்து கிடக்கும் உறவுகள் அத்தனையும் ஒரே நாளில் போகின்றன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. சாலை அகலமாயிற்று, அடுக்குமாடிகள் எழுந்தன, பிள்ளைகள் சோழிங்கநல்லூருக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வாரம் ஒருமுறை வீடியோ காலில் வரும் பேரனைக் காட்டி, உனக்கு என்ன குறை என்று கேட்பது எப்படிப் பொருந்தும்?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் இருக்கிறார். மனைவி இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்த அம்மாவின் கைப்பேசிக்கு மாதந்தோறும் பணம் கட்டி, தினமும் சார்ஜ் போட்டு, அரிசிப் பானைக்கு மேலிருக்கும் அலமாரியில் அது எப்போதும் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். காரணம் கேட்டால், சிலிண்டர் அந்த எண்ணில்தான் பதிவாகியிருக்கிறது, ஓ.டி.பி. அதற்குத்தான் வரும் என்பார். எண்ணை மாற்றிக் கொடுக்க மகன் இரண்டு தடவை முன்வந்தும் அவர் இசையவில்லை. மாலையில் ஏரிப்பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வந்து, தெருமுனை டீக்கடையில் தனியாக நின்று டீ குடிப்பார். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்றால் "ஓடுதுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குமேல் அவரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், இருவரும் நல்லவர்கள்.

காலம் ஆற்றும் என்பதைப் பற்றி இப்போது பேசலாம். காலம் சும்மா கடந்துபோவதனால் மாத்திரம் துக்கம் ஆறிவிடுமென்றால், துணையிழந்தவர்களின் உடம்பு அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். ஆனால் உடம்பு வேறு விதமாகச் சாட்சி சொல்கிறது. மனைவியை இழந்த, ஐம்பத்தைந்து வயதும் அதற்கு மேலுமான 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுக்காலம் தொடர்ந்து கவனித்து, காலின் மர்ரே பார்க்ஸ் என்னும் மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1969-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனைவி இறந்த முதல் ஆறு மாதத்துக்குள் அந்த ஆண்களிடையே நிகழ்ந்த மரணங்கள், அதே வயதுள்ள மணமான ஆண்களிடம் எதிர்பார்க்கக் கூடியதைவிட நூற்றுக்கு நாற்பது பங்கு அதிகமாக இருந்தன. அந்த அதிகரிப்பில் பெரும்பகுதி இருதய நோயால் நேர்ந்தது. "கிழவி போனா, ஆறே மாசத்துல கிழவரும் போயிட்டார்" என்று நம் ஜனங்கள் வியப்போடும் ஒருவகைப் பெருமையோடும் சொல்லிக்கொள்வது இதைத்தான். அதைத் தாம்பத்தியத்தின் சிறப்பாக எடுத்துக்கொள்ள என் மனம் இடங்கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவரோடு யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், இரத்த அழுத்த மாத்திரையை யார் ஞாபகப்படுத்தினார்கள், தூங்கினாயா என்று யார் விசாரித்தார்கள் என்றே கேட்கத் தோன்றுகிறது.

இனி, இது நம் பண்பாடு என்று சொல்லி வாயடைப்பவர்களுக்கு. எந்தப் பண்பாட்டை அவர்கள் சொல்கிறார்கள்? தொல்காப்பியத்தின் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளை வகுக்கும்போது, கணவனை இழந்தவள் நிலையைத் தாபத நிலை என்றும், மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்றும் இரண்டாக வைத்து, இரண்டையும் பாடுவதற்குரிய பொருளாக அங்கீகரித்தது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் அரசன், தன் தேவி பெருங்கோப்பெண்டு இறந்தபோது, இத்தனை பெரிய துக்கமும் என் உயிரைப் போக்கவில்லையே, நான் இன்னும் இருக்கிறேனே என்று நொந்து பாடிய பாட்டு புறநானூற்றில் 245-ஆவதாக இருக்கிறது. அரசன் ஒருவன் தன் துக்கத்தைச் சபையறியப் பாடலாம், அதைப் புலவர்கள் தொகுத்து ஈராயிரம் வருஷம் காப்பாற்றலாம் என்று எண்ணிய ஒரு சமுதாயத்தில், ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற உபதேசம் எப்போது வந்து புகுந்தது?

ஒப்பாரியை எண்ணிப் பாருங்கள். சாவு வீட்டுக்கு வரும் பெண் வாசலிலேயே குரலெடுத்து, இறந்தவனின் மனைவியைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு, முதலில் அவள் புருஷனைச் சொல்லி அழுகிறாள். சற்று நேரத்தில் அந்தப் பாட்டு திசைமாறி, பத்து வருஷத்துக்கு முன் இறந்த தன் புருஷனைப் பற்றியதாகிவிடுகிறது. படித்தவர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. துக்கத்தை அதே துக்கம் கண்டவளோடு சேர்ந்துதான் ஆற்றிக்கொள்ள முடியும் என்பதை, எழுத்தறியாத நம் பாட்டிமார் பிரத்தியட்சமாக அறிந்து ஏற்படுத்திய ஏற்பாடு அது. கூட்டமாக அழுவதும், சமைக்காத வீட்டுக்குச் சம்பந்திகள் சோறு கொண்டுவருவதும், எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் சுற்றம் திரண்டு வருவதும் எல்லாம் துக்கப்படுபவரைத் தனியே விடாதிருக்கச் செய்த உபாயங்களே. இன்று நடப்பது என்னவென்றால், விடுமுறை இல்லையென்று பதினாறை மூன்றாம் நாளாகச் சுருக்கிக்கொண்டு, அதோடு எல்லாரும் கலைந்துபோய், மிச்சமுள்ள காலம் முழுவதையும் பிள்ளைகள் தலையில் கட்டிவிடுகிறோம். அப்படிச் செய்துவிட்டு அதற்குப் பண்பாடு என்று பெயரும் வைக்கிறோம்.

நம் வழக்கங்களில் கொடியது ஒன்றும் இருந்தது, இன்னும் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கணவனை இழந்தவளின் பூவையும் பொட்டையும் பறித்து, கல்யாண வீட்டில் பின்வரிசைக்குத் தள்ளி, எதிரே வந்தால் சகுனம் பார்த்து, எந்த நேரத்தில் அவளுக்கு மனிதர்கள் அதிகமாக வேண்டுமோ அந்த நேரத்தில் மனிதர்களை விலக்கிவைத்தது அது. அந்தக் கொடுமைக்கு இந்தச் சென்னையிலேயே மறுப்பாக எழுந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே விதவையாகி, 1911-இல் பட்டம் பெற்ற அந்த அம்மையார், மறு வருஷமே சாரதா மகளிர் சங்கத்தைத் தோற்றுவித்து, எழும்பூரில் தம் வீட்டில் தம்மைப்போன்ற இளம் விதவைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கல்வி புகட்டினார். பிறகு அவர்களுடைய விடுதி திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய கட்டடத்துக்கு வந்தது. அந்த அம்மையாரின் பெருமையைப் பேசுபவர்கள் கல்வியைச் சொல்வார்கள். தலை மழிக்கப்பட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பெண், தன்னைப்போன்ற பல பெண்களோடு ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடத்தில் படுத்து, பேசிச் சிரிக்க நேர்ந்ததை அந்தக் கல்விக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

பெரியவர்களை உதாரணம் காட்டுபவர்களும் உண்டு. திரு.வி.க. மனைவியை இழந்தபின் தனித்தே வாழவில்லையா என்று கேட்கிறார்கள். வாழ்ந்தார். 1912-இல் மணந்த கமலாம்பிகை 1918-இல் மறைந்தார். பிறந்த குழந்தைகளும் தங்கவில்லை. 1953-இல் தாம் மறையும்வரை அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவர் தனித்து வாழ்ந்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? மனைவி மறைந்த அதே 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் அவருக்குச் சுற்றமாயினர். பத்திரிகை இருந்தது, சாது அச்சுக்கூடம் இருந்தது, இராயப்பேட்டையில் தமையனாரின் குடும்பம் இருந்தது, சன்மார்க்கச் சபைகள் இருந்தன, மறைந்த மனைவியைத் தம் எழுத்தில் நினைந்து பேச இடமும் இருந்தது. தமிழ்நாடே கூட்டமாக வந்து சூழ்ந்திருந்த ஒருவரைக் காட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியின் எதிரே உட்கார்ந்திருக்கும் கள்ளிக்குப்பத்துக் கிழவரை நீயும் அப்படியே இரு என்பது நியாயமான வாதமன்று.

சரி, துணை என்று நான் சொல்வது எதை என்று கேட்பவர்களுக்கு, எங்கள் தெருவிலேயே காட்டக் கூடியது ஒன்று இருக்கிறது. தை மாதத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு, நாலு வீடு தள்ளி இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் மாலைதோறும் வந்து படிக்கட்டில் உட்காருவார். அவர் கணவன் இறந்து பல வருஷம் ஆகிறது. தேறுதல் வார்த்தை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவர், "ராத்திரி எங்கே படுக்கிற?" என்று கேட்டார். இவள் பதில் சொல்லவில்லை. "நான் ஆறு மாசம் கட்டில் பக்கமே போகல. கூடத்துல ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுக்கிட்டேன். என் மருமவ, அத்தைக்குக் கட்டில் புடிக்கலன்னு நெனச்சுது" என்றார் அந்த அக்கா. இவள் தலையைக் குனிந்தபடியே, "நானும் கூடத்துலதான்க்கா" என்றாள். பிறகு இருட்டும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை உத்தமமான மகளாக இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குத் தோன்றியிராது. தோன்றினாலும் தாய் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1967-இல் ஃபில்லிஸ் சில்வர்மன் என்னும் அம்மையார் இதையே ஒரு திட்டமாக நடத்தினார். ஒரு வட்டாரத்தில் புதிதாகக் கணவனை இழந்த பெண்களின் வீட்டுக்கு, முன்பே அத்துன்பத்தைக் கண்ட பெண்களை அனுப்பினார். பட்டம் பெற்ற ஆலோசகர்களைவிட அப்பெண்களே நல்ல துணையாயினர். அதற்கு முன்பே 1959-இல், இலண்டனை அடுத்த ரிச்மண்டில் மார்கரெட் டோரி தொடங்கிய க்ரூஸ் என்னும் சங்கமும் விதவைகள் கூடிப் பேசும் ஒரு சிறு கூட்டமாகவே பிறந்தது. மாவு அரைக்கும் எங்கள் அக்காவுக்கு இவர்கள் பெயர் தெரியாது.

மறுமணத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் துரோகம் என்ற வார்த்தை முழு வேகத்தோடு பாய்வது அங்கேதான். புதிதாக ஒரு துணை வந்தால் பழைய அன்பு அழிந்துபோகும் என்பது இந்தக் குற்றச்சாட்டின் அடிப்படை. எங்கள் தொண்டை மண்டலத்து வீடுகளில் பூவாடைக்காரிக்குப் படையல் போடும் வழக்கத்தை அறிந்தவர்கள் இதை எப்படி நம்புகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. சுமங்கலியாக இறந்த மூத்தாளுக்குப் புதுப்புடவை வைத்து, பூச்சாத்தி, கல்யாணம் காட்சி என்றால் முதல் படையலை அவளுக்கே போடுகிறவள், அந்த வீட்டுக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டவளாகவும் இருப்பதுண்டே! மறைந்தவளும் வந்தவளும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதை நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டியிருக்கின்றன. ஆணுக்குத் தந்த அந்த உரிமையைப் பெண்ணுக்கு மறுத்ததுதான் பிழை. துக்கப்படுகிறவர் இறந்தவரோடுள்ள பந்தத்தை அறுத்துக்கொண்டால்தான் தேறுவார் என்று நெடுங்காலம் போதித்துவந்த மேல்நாட்டு மனவியலிலும், 1996-இல் வெளிவந்த தொடரும் பந்தங்கள் என்னும் தொகுப்பு நூலுக்குப் பிறகு அந்தக் கொள்கை பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆமதாபாத்தில் நட்டுபாய் பட்டேல் என்பவர் முதியோருக்காகத் துணை தேடும் கூட்டங்களை நடத்திவருகிறார். ஐதராபாத்தில் 2010 முதல் தோடு நீடா என்னும் அமைப்பு அதே பணியைச் செய்கிறது. அங்கே வருபவர்களில் பலர் கேட்பது பேச்சுத்துணைதான்.

அவசரப்பட்டு ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள், சொத்துக்காக வந்து ஒட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள் என்பது மெய். விசாரித்துச் செய்ய வேண்டிய காரியத்தை விசாரித்தே செய்ய வேண்டும். வேண்டாம் என்றிருப்பவர்களை வற்புறுத்துவதும் கொடுமை. போனவரின் நினைவே போதும் என்று நிறைவோடு வாழ்பவர்களை நான் அறிவேன், அவர்களை வணங்குகிறேன். ஆனால் அது அவர்களாகத் தேர்ந்துகொண்டதாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பயந்து ஏற்றுக்கொண்டதாக இருத்தல் கூடாது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா? ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்கும் மகனின் உள்ளத்தில், கால் மனை வீடும், பேரனைப் பள்ளிக்கூட வேனிலிருந்து இறக்கிக்கொள்ள ஓர் ஆளும் சேர்ந்தே இருக்கின்றன என்பதைச் சொல்வது கடுமையாகப்படலாம், சொல்லாமல் விட்டால் பாரபட்சமாகும். வீட்டைப் பற்றிய பயத்துக்கு உயில் எழுதிப் பரிகாரம் காணலாம்.

சட்டமும் இந்த விஷயத்தில் சுத்தமான கையோடு நிற்கவில்லை. ஈசுவர சந்திர வித்தியாசாகரின் பெருமுயற்சியால் 1856-இல் இயற்றப்பட்ட இந்து விதவைகள் மறுமணச் சட்டம், மறுமணத்தைச் செல்லுபடியாக்கிய அதே மூச்சில், மறுமணம் செய்துகொண்டவள் முதற் கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை, அவளே இறந்துவிட்டாற்போல இழப்பாள் என்றும் விதித்தது. 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் பெண் அடைந்த சொத்தை அவளுக்கே முழுமையாக உரிமையாக்கியது. 1983-இல் பழைய சட்டமே நீக்கப்பட்டது. ஆயினும் அந்த விதியின் வாசனை இன்னும் போகவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயுள் முழுவதும் உழைத்தவன் இறந்தால், 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப்படி அவன் மனைவிக்கு ஒரு தொகை வருகிறது. 2014 செப்டம்பரிலிருந்து அதன் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். இந்தச் சிறு தொகையும் அவள் இறக்கும்வரை, அல்லது மறுமணம் செய்துகொள்ளும்வரை, எது முந்துகிறதோ அதுவரைதான். மத்திய அரசு ஊழியர்களின் விதவைகளில் பிள்ளையில்லாதவர்களுக்கு மட்டும், வருமான வரம்புக்கு உட்பட்டு, மறுமணத்துக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் தொடரலாம் என்று 2006 முதல் இடங்கொடுத்திருக்கிறார்கள்; லேத்திலும் பிரஸ்ஸிலும் கைவிரலைக் கொடுத்து வேலை செய்தவனின் மனைவிக்கு அந்தச் சலுகையும் இல்லை. அவன் உழைப்பிலிருந்து மாதந்தோறும் பிடித்த பணத்துக்கும், அவள் பின்னாளில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பதற்கும் என்ன சம்பந்தம்? தொழிற்சங்கங்கள் குறைந்தபட்சத் தொகையை உயர்த்தக் கோரிப் போராடும்போது, இந்த மறுமணத் தடையை எடுத்துவிடும்படியும் தங்கள் கோரிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தச் சங்கங்களில் சந்தா கட்டிய எங்கள் தெருக்காரர்களே இதை முதலில் கேட்கலாம்.